நீர்வழிகளையும் நீர்நிலைகளையும் வரைபடத்தில் வகைப்படுத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஊர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் வரையத் தொடங்குவோர் சாலைகளையும் கட்டடங்களையும் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். நீர் என்று வரும்போது தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது; இந்த வகைப்பாடு மழையும் பனியும் ஆண்டு முழுவதும் ஆறுகளை நிரப்பும் நாடுகளில் உருவானது, நம்முடைய நீரோ ஆண்டில் சில மாதங்கள் ஓடி மற்ற மாதங்களில் மணலையும் கரையையும் மட்டும் விட்டுச் செல்வது. புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை, இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீர்வழி, நீர்நிலை என்று இரண்டாகப் பிரிப்பது ஏன்? இரண்டும் தண்ணீர்தானே?

வரைபடத்தில் நீர்வழி ஒரு கோடு. நீர்நிலை ஒரு பரப்பு. நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கோடு சொல்கிறது, எவ்வளவு இடத்தில் நிற்கிறது என்பதைப் பரப்பு சொல்கிறது. ஆறு, ஓடை, கால்வாய், வடிகால் ஆகியவை முதல் வகை. ஏரி, கண்மாய், குளம், குட்டை, ஊருணி, காயல் ஆகியவை இரண்டாம் வகை.

காவிரி போன்ற அகலமான ஆற்றுக்கு இரண்டும் தேவை. இரு கரைகளுக்கு இடைப்பட்ட பரப்பை வரைந்துவிட்டு, அதன் நடுவே நீரோட்டத்தின் திசையில் ஒரு கோட்டையும் வரைய வேண்டும். வெள்ளம் எங்கே போய்ச் சேரும் என்று கணிக்கும் மென்பொருள் அந்தக் கோட்டைத்தான் பின்தொடர்கிறது. பரப்பை மட்டும் வரைந்தால் பார்வைக்கு ஆறு இருக்கும், கணக்கில் ஆறு இருக்காது.

ஆறு எது, ஓடை எது? எத்தனை அடி அகலம் இருந்தால் ஆறு?

அடிக்கணக்கு கிடையாது. திடமான ஒருவர் தாண்டிக் குதிக்கக்கூடிய அளவு இருந்தால் 'ஸ்ட்ரீம்', அதாவது ஓடை. அதைவிடப் பெரிதாக இருந்தால் 'ரிவர்', அதாவது ஆறு என்பதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது வழக்கம். நம் நிலத்தில் இதை அப்படியே பின்பற்றினால் சிக்கல் வரும், ஏனெனில் மலையடிவாரக் காட்டாறுகள் பல, கோடையில் தாண்டிவிடக்கூடிய ஒரு கீற்றாகவும் ஐப்பசியில் கடக்கவே முடியாத வெள்ளமாகவும் இருக்கின்றன.

ஆகவே அன்றைக்கு ஓடும் நீரைப் பார்க்காமல், வெள்ளம் அரித்து உருவாக்கிய படுகையின் அகலத்தைப் பாருங்கள். அந்தப் படுகையைத் தாண்ட முடியாது என்றால் ஆறு என்றே குறிக்கலாம். கொங்கு நாட்டில் பள்ளம் என்றும் வேறு சில வட்டாரங்களில் வாரி என்றும் அழைக்கப்படும் சிறு நீரோட்டங்களில் பெரும்பாலானவை ஓடை வகையில் அடங்கும்.

பெயரிலேயே 'ஆறு' இருக்கிறதே, பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்?

பெயர் ஒரு தகவல், வகை இன்னொரு தகவல். தஞ்சாவூர் வழியாகச் செல்லும் புது ஆறு, கல்லணையிலிருந்து வெட்டப்பட்டு 1934இல், மேட்டூர் அணை முடிந்த அதே ஆண்டில், பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய்தான். பெயர்ப் புலத்தில், அதாவது பெயரை நிரப்பும் இடத்தில், 'புது ஆறு' என்று மக்கள் சொல்வதை எழுதுங்கள். வகைப் புலத்தில் கால்வாய், அதாவது 'கெனால்' என்று குறியுங்கள். மன்னார்குடியின் ஹரித்ராநதி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. பெயரில் நதி இருந்தாலும் அது நான்கு புறமும் கரை கட்டிய கோயில் தெப்பக்குளம்.

எனவே ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை இயற்கை உருவாக்கியதா, மனிதர் உருவாக்கினார்களா? நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? ஆண்டில் எவ்வளவு காலம் இருக்கிறது? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் வகை தானாகவே தெளியும். கீழே வரும் பல பதில்கள் இந்த நான்கையே நாடிச் செல்லும்.

கால்வாய், வாய்க்கால், வடிகால் மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

நீரைக் கொண்டுவந்து சேர்ப்பது கால்வாய்; வேண்டாத நீரை வெளியேற்றுவது வடிகால். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். பாசனத்துக்கான பெரிய கால்வாயும் அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்காலும் 'கெனால்' வகையில் வரும். அவற்றின் பயன் பாசனம் என்று கூடுதல் புலத்தில் குறிக்கலாம். நகரத்து மழைநீர் வடிகால் 'டிரெயின்'. சாலையோரத்திலும் வயலோரத்திலும் வெறும் மண்ணில் வெட்டிய சிறு வடிகால் 'டிட்ச்'.

வளைந்து வளைந்து போகிறது, நேர்க்கோடாக இல்லை. அப்படியானால் இயற்கை ஓடைதானே?

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புவோர் அடிக்கடி இந்த முடிவுக்கு வருகிறார்கள். வளைவு இயற்கையின் அடையாளம் மட்டும் அன்று. பவானி ஆற்றிலிருந்து பிரிந்து ஈரோடு வழியாகச் சென்று நொய்யலை அடையும் காலிங்கராயன் கால்வாய் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. அது ஆற்றைப் போலவே நெளிந்து செல்கிறது, ஏனெனில் நிலத்தின் உயரம் மிக மெதுவாகக் குறையும் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அதிகப் பரப்புக்கு நீர் பாயும்.

இயற்கை ஓடை பள்ளத்தின் அடித்தடத்தைப் பிடிக்கும். பாசனக் கால்வாய் சரிவின் விளிம்பைப் பிடிக்கும். உயரக் கோடுகளைத் திரையில் சேர்த்துப் பாருங்கள். கோட்டின் ஒரு பக்கம் நிலம் மேடாகவும் மறு பக்கம் வயலாகவும் இருந்தால், அது பெரும்பாலும் வெட்டிய கால்வாய்.

எங்கள் ஊர் ஏரியை ஏரி என்று போடாமல் ஏன் நீர்த்தேக்கம் என்று போடச் சொல்கிறீர்கள்?

பெயரில் ஏரி என்று எழுதுவதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. வகைப் புலத்தில் மட்டும், இயற்கையாக அமைந்த பள்ளத்தில் நிற்கும் நீருக்கும் கரை கட்டித் தேக்கிய நீருக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. செம்பரம்பாக்கம், வீராணம், வேடந்தாங்கல் உள்ளிட்ட நம் ஏரிகள், சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மழைநீரையோ ஆற்றுநீரையோ தேக்கியவை. ஆகவே அவை 'ரிசர்வாயர்'. வடமாவட்டங்களில் ஏரியும் தாங்கலும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாயும், நெல்லைப் பக்கத்தில் குளமும் அமைப்பில் ஒன்றே.

சுற்றுலாத் தலங்களிலும் இதை நினைவில் கொள்ளுங்கள். ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் முயற்சியால் உருவானது. இரண்டுமே ஓடைகளை மறித்துத் தேக்கிய நீர்தான். தமிழ்நாட்டின் உட்பகுதியில் இயற்கையான நன்னீர் ஏரியைத் தேடினால் மிகவும் அரிதாகவே கிடைக்கும். 'லேக்' என்ற வகையைத் தேர்ந்தெடுக்கும் முன், எங்காவது கரை இருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பார்ப்பது நல்லது.

குளம், குட்டை, ஊருணி, தெப்பக்குளம் எல்லாம் ஒரே வகையா?

வரைபட வகையில் இவை பெரும்பாலும் 'பாண்ட்' என்பதில் அடங்கும். கரை கட்டித் தேக்குவதைவிட நிலத்தைத் தோண்டி உருவாக்கப்பட்டவை என்பதுதான் இவற்றின் பொது இயல்பு. மேலே சொன்ன நெல்லைக் குளங்கள் மட்டும் பெயரால் குளமாக இருந்தாலும் வகையால் நீர்த்தேக்கம்.

ஊருணி குடிநீருக்காக ஊரார் காத்துவரும் நீர்நிலை என்பதையும், தெப்பக்குளம் ஒரு கோயிலைச் சேர்ந்தது என்பதையும் விளக்கப் புலத்தில் எழுதுங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் போல நடுவில் மைய மண்டபம் இருந்தால், அந்த இடத்தை நீர்ப்பரப்பிலிருந்து வெட்டி எடுத்து உள்வளையமாக வரைய வேண்டும். இல்லாவிட்டால் மண்டபம் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதாக வரைபடம் சொல்லும்.

ஏரியின் எல்லையை எங்கே வரைவது? ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் அளவில் இருக்கிறதே?

ஏப்ரல் மாதப் படத்தில் நடுவில் ஒரு குட்டையாகவும் டிசம்பர் மாதப் படத்தில் கடல் போலவும் ஒரே ஏரி தெரியும். இதில் எது ஏரி என்று கேட்டால், நிரம்பிய நிலையில் உள்ளதே ஏரி என்பேன். இதற்குத் தரையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: கலிங்கு. உபரி நீர் வழிந்தோடும் கலிங்கின் உச்சி உயரம்தான் அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தை முடிவு செய்கிறது. அந்த மட்டத்தில் நீர் எதுவரை பரவுமோ, அதுவரை ஏரி.

நடைமுறையில், வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் எடுக்கப்பட்ட தெளிவான படத்தைத் தேர்ந்து, ஏரி நிரம்பிய ஆண்டின் விளிம்பைப் பின்பற்றுங்கள். கரைப் பக்கம் எல்லை தெளிவாக இருக்கும். எதிர்ப்பக்கமான நீர்ப்பிடிப்பு விளிம்பில்தான் பயிரும் மனையும் உள்ளே நுழைந்திருக்கும், அங்கேதான் அதிகக் கவனம் தேவை. கோடைப் படத்தைப் பார்த்து எல்லையைச் சுருக்கி வரைவதால் வரும் தீங்கு சிறிதன்று. அப்படிச் சுருக்கிய வரைபடத்தைப் பார்க்கும் ஒருவர், வெளியே விடுபட்ட நிலத்தைக் காலி மனை என்றே எண்ணிக்கொள்வார்.

ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் பாலாற்றை நீல நிறத்தில் காட்டுவது பொய் இல்லையா?

பொய்யாகாது, 'இன்டர்மிட்டன்ட்' என்ற புலத்தைச் சேர்த்தால். நீர் சில காலம் மட்டுமே இருக்கிறது என்பதே அதன் பொருள். இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்களிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆண்டு முழுவதும் நீர் இருக்கும் ஆறுகள் நீலத்திலும், வறண்டு போகும் ஓடைகள் கருப்பிலும் வரையப்படுகின்றன. தாமிரபரணியை வற்றாத ஆறாகவும் பாலாற்றையும் வைகையின் கீழ்ப்பகுதியையும் இடைவிட்டு ஓடும் ஆறுகளாகவும் குறிப்பது இரண்டுக்கும் நேர்மையானது. அதிகப் பரப்பில் மணல் நிலையாகத் தெரிந்தால், படுகையின் உள்ளே மணல் பரப்பையும் தனியாக வரையலாம்.

ஆற்றுக் கோட்டை மட்டும் எந்த நிலையிலும் நீக்க வேண்டாம். மேலே மணலாகத் தெரியும் பாலாற்றின் அடியில் நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோன மரபு அங்கே உண்டு. 2021 நவம்பரில் அதே பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டதை வேலூர், காஞ்சிபுரம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கண்மாய் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காடு என்று போடலாமா?

கூடாது. கண்மாயின் எல்லையை மேலே சொன்னபடி நிரம்பிய மட்டத்தில் வரைந்து, இடைவிட்டு நீர் நிற்கும் நீர்த்தேக்கம் என்று குறியுங்கள். புதர் அடர்ந்த பகுதியை அதன் மேல் தனிப் பரப்பாக, புதர்க்காடு என்ற வகையில் வரையலாம். மரத்தை வெட்டினால் புதர்ப் பரப்பு வரைபடத்திலிருந்து நீங்கும். கண்மாய் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அடுத்து வருபவருக்கு அங்கே கண்மாய் இருந்ததே தெரியாமல் போகும்.

கலிங்கு, மதகு, மடை, அணைக்கட்டு ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடு உண்டா?

உண்டு, இவற்றைக் குறிப்பவர்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமே. கலிங்கும், ஆற்றின் குறுக்கே நீரை உயர்த்தித் திருப்பும் அணைக்கட்டும் நீர் மேலே வழிந்து செல்லும் அமைப்புகள் என்பதால் 'வியர்' என்ற வகையில் அடங்கும். மதகும் மடையும் திறந்து மூடும் வாயில்கள், எனவே 'ஸ்லூஸ் கேட்'. மேட்டூர் போல நீரை முழுவதும் மறித்து நிற்கும் கட்டுமானம் 'டேம்'. ஏரிக்கரையைக் கரைமேடாக, நீர்ப்பரப்பின் விளிம்பை ஒட்டித் தனிக் கோடாக வரைவது என் வழக்கம். கரைமேல் வண்டிப்பாதை இருந்தால் அது மற்றொரு கோடு.

ஏரிக்குள் வந்ததும் ஓடைக் கோட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். நம் ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேலே உள்ள ஏரியின் கலிங்கில் வழியும் நீர், தெற்கே மறுகால் என்று சொல்லப்படும் உபரிக் கால் வழியாக அடுத்த ஏரிக்கு வரத்துக்காலாக வந்து சேர்கிறது. இப்படிப் பல ஏரிகள் சங்கிலியாக இணைந்திருக்கின்றன. ஒரு ஏரியின் உபரி இன்னொரு ஏரியின் வரத்து என்ற இந்த உறவுதான் முழு அமைப்பின் உயிர்.

வரத்துக்கால் ஏரிக்குள் நுழையும் இடத்திலிருந்து கலிங்கு வரை, நீர்ப்பரப்பின் உள்ளேயே கோட்டைத் தொடருங்கள். கலிங்குக்கு அப்பால் அதே கோடு உபரிக் காலாகச் செல்லட்டும். மடையிலிருந்து ஆயக்கட்டுக்கு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் வயல்களுக்குச் செல்லும் பாசன வாய்க்காலோ கரையில் தொடங்கும் வேறு கோடு. நீல நிறப் பரப்புகளை மட்டும் வரைந்து இந்த இணைப்புகளை விட்டுவிட்ட வரைபடத்தில், ஒரு வரத்துக்கால் மூடப்பட்டால் எந்தெந்த ஏரி காயும் என்றோ, ஓர் உபரிக் கால் அடைபட்டால் எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும் என்றோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நேரம் குறைவாக இருந்தால், பத்து ஏரிகளின் விளிம்பைத் துல்லியமாக்குவதைவிட இரண்டு ஏரிகளுக்கு இடையிலான காலைத் தேடிக் கண்டுபிடித்து வரையுங்கள் என்றே சொல்வேன்.

டெல்டாவில் ஒரே வாய்க்கால் மேலூருக்கு வடிகாலாகவும் கீழூருக்குப் பாசனமாகவும் இருக்கிறது. எந்த வகை?

இந்தக் கேள்விக்கு முழுமையான விடை இல்லை. காவிரிப் படுகையில் ஒரு பகுதியின் வடிநீர் அடுத்த பகுதியின் பாசனநீராகிறது. முதலில் பெரியவற்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு ஆகியவை மதகுகளால் கட்டுப்படுத்தப்பட்டாலும் ஆற்றின் இயற்கையான கிளைகள், அவை ஆறு என்றே இருக்கட்டும். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடமும் அப்படியே.

சிறு வாய்க்கால்களில், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். கடைசியில் வயல்களில் பிரிந்து மறைந்தால் பாசனக் கால்வாய். உப்பனாற்றிலோ கடலிலோ கலந்தால் வடிகால். நடுவில் ஓரிடத்தில் அதன் பணி மாறுகிறது என்பது உள்ளூர் விவசாயிகளிடம் கேட்டுத் தெரிந்தால், அந்த இடத்தில், பெரும்பாலும் அங்கே ஒரு மதகு இருக்கும், கோட்டை இரண்டாக வெட்டி மேற்பகுதிக்கு ஒரு வகையும் கீழ்ப்பகுதிக்கு ஒரு வகையும் தரலாம்.

ஸ்ட்ராலர் வரிசை எண்ணைப் போட்டால் வகைப்படுத்தும் வேலை முடிந்துவிடுமே?

நீர்வழிகள் ஒன்றோடொன்று சேரும் வரிசைப்படி எண் தரும் அந்த முறையில், கிளை எதுவும் சேராத ஓடைக்கு 1 என்ற எண். இரண்டு 1ஆம் வரிசை ஓடைகள் சேர்ந்தால் 2, இரண்டு 2கள் சேர்ந்தால் 3. வேறுபட்ட எண்கள் சேர்ந்தால் பெரிய எண்ணே தொடரும். ஹார்ட்டன் 1945இல் முன்வைத்ததை ஸ்ட்ராலர் 1950களில் திருத்தி உருவாக்கிய முறை இது. சிறிய அளவு வரைபடத்தில் எந்த ஓடைகளை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய மிகவும் உதவும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் நன்றாகவே பொருந்தும்.

சமவெளியில் இறங்கியதும் தடுமாறும். இந்த முறை, நீர்வழிகள் சேர்ந்துகொண்டே போகும் என்று எடுத்துக்கொள்கிறது. டெல்டாவிலோ அவை பிரிந்துகொண்டே போகின்றன. ஏரிச் சங்கிலியில் நீர் மனிதர் வெட்டிய கால்கள் வழியே பக்கத்துப் படுகைக்கும் தாவுகிறது. ஆகவே மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கு இது மாற்றாகாது.

கூவத்தில் ஓடுவது சாக்கடை. பக்கிங்ஹாம் கால்வாயிலும் அப்படியே. இரண்டையும் வடிகால் என்று மாற்றிவிடலாமா?

நீரின் தரம் வகையை மாற்றாது. கூவம் இயற்கையான ஆறு. அதில் எதை விட்டாலும் ஆறு என்பது மாறாது. கரைக்குக் கான்கிரீட் சுவர் கட்டினாலும் மாறாது. பக்கிங்ஹாம் கால்வாய் 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டு, காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் அருகே வரை நீண்ட கால்வாய். அது கால்வாய் என்றே இருக்க வேண்டும். இன்று படகு செல்லாத பகுதிகளில் படகு இல்லை என்ற கூடுதல் புலத்தைச் சேர்க்கலாம். ஆற்றை வடிகால் என்று எழுதுவது, அதை அப்படியே நடத்துவதற்கு இன்னொரு சாட்சியமாகிவிடும் என்பது என் அச்சம்.

பள்ளிக்கரணை, பழவேற்காடு, பிச்சாவரம்: மூன்றிலும் நீர் நிற்கிறது. மூன்றையும் ஏரி என்று போடலாமா?

மூன்றும் மூன்று வகை. ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நாணலும் கோரையும் வளரும் ஆழமற்ற நீர், எனவே 'மார்ஷ்' வகை ஈரநிலம். பிச்சாவரம் அலையாத்திக் காடு, எனவே 'மாங்ரோவ்' வகை ஈரநிலம்; உள்ளே ஓடும் நீர்க்கால்களைத் தனியே வரைய வேண்டும். பழவேற்காடு கடலோடு முகத்துவாரம் வழியே கலக்கும் உவர்நீர்க் காயல், எனவே 'லகூன்'. இலங்கையின் மட்டக்களப்பு வாவியும் இந்த வகையே.

கடற்கரைக் கோட்டை வரையும்போது நிலம் இடப்புறமும் கடல் வலப்புறமும் இருக்கும் திசையில் வரைய வேண்டும். ஆற்று முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தாலும் ஆற்றுக் கோட்டைக் கடற்கரைக் கோடு வரை கொண்டுபோய் இணைத்துவிடுங்கள். அடையாற்றின் முகத்துவாரம் மூடுவதும் திறப்பதும் ஆண்டுதோறும் நடப்பதே.

ஆற்றைக் கால்வாய் கடக்கிறது. வெட்டும் இடத்தில் இரண்டு கோடுகளையும் இணைக்க வேண்டுமா?

நீர் கலந்தால் மட்டும் இணையுங்கள். குமரி மாவட்டத்தின் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பட்டணங்கால் கால்வாய் நீர், பறளியாற்றுக்கு மிக உயரே செல்கிறது. அங்கே கால்வாய்ப் பகுதியைத் தனித் துண்டாக்கி, தொட்டிப்பாலம் என்றும் மேலடுக்கு என்றும் குறிக்க வேண்டும். பொதுப் புள்ளி கூடாது. சாலைக்கு அடியில் குழாய் வழியாகச் செல்லும் ஓடைக்கு இதன் மறுதலை: அந்தத் துண்டைச் சிறுபாலம், கீழடுக்கு என்று குறிக்க வேண்டும்.

கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறது. நேரில் பார்த்தால் வீடுகள்தான் இருக்கின்றன. எதை வரைவது?

திறந்த வரைபடத்தின் விதி, தரையில் இன்று இருப்பதை வரைவது. ஓடை முற்றிலும் மறைந்து வீடுகள் எழுந்திருந்தால் அதை ஓடும் ஓடையாக வரைய முடியாது. மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920களில் தியாகராய நகர் உருவானது. இன்று அங்கே நீர்ப்பரப்பை வரைந்தால் தவறு. பழைய நீர்நிலைகளைப் பதிவு செய்ய ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனித் திட்டம் இருக்கிறது. அங்கே ஆண்டுகளைக் குறித்து வரையலாம்.

முடிவெடுக்கும் முன் மழைக்காலத்தில் ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வீடுகளின் பின்புறம் ஒரு சந்தாக, சாலைக்கு அடியில் ஒரு குழாயாக, ஓடையின் துண்டுகள் எஞ்சியிருப்பது வழக்கம். எஞ்சிய துண்டுகளை அவை இருக்கும் நிலையிலேயே வரைந்து, நீர் எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்பது உறுதியானால் நடுப்பகுதியை நிலத்தடி வழியாக இணைக்கலாம். உறுதியாகாவிட்டால் இடைவெளியை அப்படியே விட்டு, அந்த இடத்தில் ஒரு குறிப்பைப் பதியுங்கள். அந்தத் தெருவிலேயே வாழும் ஒருவர் வந்து நிரப்பக்கூடும்.